வருத்தம் மாறிய பின்னும் பசி வராதவருக்கு என்ன குடிக்கக் கொடுக்கலாம்?

மகள், உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். திருகோணமலைச் சாம்பல்தீவில் உங்களுடன் இருக்கும் அம்மாவுக்கு 68 வயது. நியூமோனியாவுக்குப் பதினொரு நாள் வைத்தியசாலை வாட்டில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை ஆகிறது. காய்ச்சல் இல்லை, மூச்சும் சீராகிவிட்டது. ஆனால் சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். காலையில் வெறுந்தேநீர், பத்து மணிக்குக் குளுக்கோஸ் தண்ணீர், மத்தியானம் கோழி சூப், பின்னேரம் இளநீர், இரவில் ரசம் என்று நேரம் தவறாமல் கொடுக்கிறீர்கள். அப்படியும் 50 கிலோ இருந்தவர் 46 கிலோவுக்கு இறங்கிவிட்டார். இன்னும் என்ன சத்துப் பானம் கொடுக்கலாம் என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் எழுதிய ஐந்தையும் கூட்டிப் பார்த்தேன். நாள் முழுவதற்குமாகச் சேர்த்தாலும் 400 கலோரியைத் தொடாது. புரதம் பத்துக் கிராமும் வராது. அம்மாவின் வயிறு நிறைந்துதான் இருக்கிறது, ஆனால் அவர் பட்டினி கிடக்கிறார். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. முப்பது வருடம் மருத்துவ வாட்டுகளில் தாதியாக வேலை செய்தவள் நான். ஆனாலும் என் சொந்தத் தாய்க்கு இதையேதான் செய்தேன்.

என் அம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல் (தைபொயிட்) வந்து மாறியிருந்த சமயம். தினமும் அதிகாலையில் எழுந்து கோழியை வெட்டி, மிளகும் உள்ளியும் நற்சீரகமும் தட்டிப் போட்டு, இரண்டு மணித்தியாலம் வேகவைத்து, துணியில் வடித்துக் கொடுப்பேன். பத்து நாளாக அதுதான் அவருடைய முக்கிய உணவு. பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது வைத்தியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கோழி எங்கே போனது?" கோழியை வீட்டு நாய்க்குப் போட்டிருந்தேன். சத்து எல்லாம் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது என்று நம்பியிருந்தேன். இறங்கியது உப்பும், மணமும், கொஞ்சம் கொழுப்பும், எலும்பின் பசையும்தான். ஒரு கோப்பை தெளிந்த சூப்பில் இரண்டு மூன்று கிராம் புரதம் இருந்தாலே பெரிய விஷயம். அதே கோழியின் சதையில் ஒரு தீப்பெட்டி அளவு, ஏறக்குறைய 30 கிராம், அம்மாவின் வயிற்றுக்குள் போயிருந்தால் எட்டுக் கிராம் கிடைத்திருக்கும். அன்றிலிருந்து பசியில்லாதவருக்கு என்ன கொடுத்தாலும், இந்தக் கோப்பைக்குள் உணவு இருக்கிறதா, தண்ணீர் மட்டும்தானா என்று முதலில் பார்ப்பேன்.

கிருமியோடு போராடும் உடலில் சைட்டோகைன் என்னும் பொருட்கள் சுரக்கின்றன. அவை மூளையில் பசியை ஆளும் இடத்தை அடக்கி வைக்கும். காய்ச்சல் போன உடனேயே அந்த அடக்கம் விலகிவிடாது. முதியவர்களில் அது சில கிழமைகள்கூட நீடிக்கும். அவர்களின் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், ஆகவே அரைக் கோப்பை குடித்ததும் "போதும், வயிறு கம்மென்று இருக்கிறது" என்பார்கள். அதில் பொய் இல்லை, பிடிவாதமும் இல்லை. இதற்கு மேல் நாக்கும் ஒத்துழைக்காது. நியூமோனியாவுக்கு அடிக்கடி கொடுக்கப்படும் கிளரித்ரோமைசின் வாயில் தகரத்தை நக்கியது போன்ற கசப்பை விட்டுச் செல்லும். அந்திபயோட்டிக் எடுத்தவர்களின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியது போல வெள்ளைப் படலம் படர்வதுண்டு. அது பூஞ்சை. எரியும், ருசி தெரியாது. இன்றைக்கே டோர்ச் வெளிச்சத்தில் அம்மாவின் வாயைப் பாருங்கள். படலம் இருந்தால் வைத்தியர் தரும் சொட்டு மருந்தில் சில நாளில் மாறிவிடும். அது மாறாமல் எந்தப் பானம் கொடுத்தாலும் பாதிதான் உள்ளே போகும். கட்டுப்பல் இருந்தால் அது தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், மெலிந்தவர்களின் பல்முரசும் சுருங்கும். மலம் கடைசியாக எப்போது போனார் என்றும் கேளுங்கள். மூன்று நாள் போகாத வயிற்றுக்குப் பசி தெரியாது.

இனி அளவு. சுகமாக இருப்பவருக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்பார்கள். நோயிலிருந்து எழும்பும் முதியவருக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவை. உங்கள் அம்மாவின் 46 கிலோவுக்குக் குறைந்தது 55 கிராம். அது கிடைக்காதபோது உடல் தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்ளும். முதலில் போவது தொடையும் கெண்டைக்காலும்தான். அப்புறம் குளியலறைக்கு எழும்பிப் போகும்போது விழுவார், இடுப்பு எலும்பு உடையும். வாட்டில் இதை எத்தனை தடவை கண்டிருக்கிறேன் என்று கணக்குச் சொல்ல முடியாது. காய்ச்சலில் பிழைத்தவர்கள் பலர் அதற்குப் பின்வந்த மெலிவில்தான் விழுந்தார்கள்.

கொடுக்கும் முறையை முதலில் மாற்றுங்கள். பெரிய கோப்பையை அலுமாரியில் வைத்துவிடுங்கள். 150 மில்லிலீட்டர் கொள்ளும் சின்னக் கோப்பையில், இரண்டு இரண்டரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு ஆறு தடவை கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீரும் தேநீரும் வேண்டாம், வயிற்றில் இருக்கும் கொஞ்ச இடத்தையும் அவை பிடித்துக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்குக் காலையில்தான் நாக்கும் வயிறும் ஓரளவு இடம் கொடுக்கும், மாலையாக ஆகச் சோர்வு கூடும். ஆகவே கனமான கோப்பையைக் காலையில் கொடுங்கள். நீங்கள் அந்த இடத்தில் வெறுந்தேநீரை வைத்திருக்கிறீர்கள். மாற்ற வேண்டியதில் முதலாவது அதுதான்.

அந்த இடத்துக்கு நான் வைப்பது முட்டைப்பால். 150 மில்லிலீட்டர் பசும்பாலைச் சூடாக்குங்கள், கொதிக்க விடாதீர்கள். ஒரு முட்டையைச் சீனியோடு நுரை வர அடித்து, சூடான பாலில் இரண்டு கரண்டியை முட்டைக்குள் ஊற்றிக் கலக்குங்கள். பின் அந்தக் கலவையை மெல்லிய நூலாகப் பால் சட்டிக்குள் விட்டு, சின்ன நெருப்பில் கைவிடாமல் கிண்டுங்கள். கரண்டியின் முதுகில் மெல்லிய பூச்சாக ஒட்டும் பதம் வந்ததும் இறக்கி, ஏலம் தட்டிப் போடுங்கள். நெருப்புக் கூடினால் முட்டை திரைந்து கட்டிகட்டியாகிவிடும். அப்படி ஆனால் வடித்துக் கொடுக்கலாம், வீணில்லை. இந்த ஒரு கோப்பையில் 11 கிராம் புரதமும் 200 கலோரியும் இருக்கும். நீங்கள் இப்போது ஒரு நாள் முழுவதும் கொடுக்கும் புரதம் இந்த ஒரு கோப்பைக்குள் அடங்கிவிடும்.

நம் வீடுகளில் முட்டைக் கோப்பி கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. பச்சை முட்டையை அடித்து, மேலே சூடான கோப்பியை ஊற்றி, சில வீடுகளில் ஒரு மூடி பிராண்டியும் விடுவார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் ஊற்றும் கோப்பி முட்டையை வேகவைக்கப் போதாது. பச்சை முட்டையில் சல்மொனெல்லா என்ற கிருமி இருந்தால், இப்போதுதான் எழும்பிய உடல் வயிற்றோட்டத்தில் மறுபடி விழும். கோப்பி ருசிதான் அம்மாவுக்குப் பிடிக்கும் என்றால், மேலே சொன்ன முட்டைப்பாலிலேயே கொஞ்சம் கடுங்கோப்பி விடுங்கள். பிராண்டி வேண்டவே வேண்டாம். மெட்ரோனிடசோல் குடிப்பவருக்கு அது பெரிய அவஸ்தை கொடுக்கும். செங்கண்மாரி, டெங்கு போன்றவற்றால் ஈரல் களைத்துப்போனவருக்கு அது கூடாது.

முட்டையே பிடிக்காதவருக்கு, அல்லது சைவச் சாப்பாட்டுக்காரருக்கு, கட்டிப்பால் இருக்கிறது. வாட்டில் உணவு ஆலோசகர்கள் சொல்லித்தந்த வழி இது. ஒரு லீட்டர் காய்ச்சிய பாலில் 100 கிராம் பால்மாவைக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பாலில் மாவை முதலில் குழைத்துவிட்டு மீதியை ஊற்றினால் கட்டி விழாது. பார்வைக்குச் சாதாரணப் பால்தான், குடிக்கும் அளவும் கூடாது, ஆனால் புரதம் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்காகிவிடும். தேநீர், கோப்பி, கஞ்சி, பாண் நனைப்பது எதுவானாலும் தண்ணீருக்குப் பதில் இதைப் பயன்படுத்துங்கள். ஹார்லிக்ஸ், நெஸ்டமால்ட் போன்றவற்றை இந்தப் பாலில் கரைத்துக் கொடுக்கலாம். வெந்நீரில் கரைத்தால் தானியமும் சீனியும் தவிர அதிகம் எதுவும் இல்லை. பால் குடித்தால் சளி கூடும் என்று அயலவர்கள் பயமுறுத்துவார்கள், நியூமோனியா வந்தவர் என்பதால் இன்னும் கூடுதலாகச் சொல்வார்கள். பால் எச்சிலோடு கலக்கும்போது தொண்டையில் பிசுபிசுப்பாகப் படியும், அதைத்தான் சளி என்று நினைக்கிறார்கள். நெஞ்சுக்குள் சளி சுரப்பதைப் பால் கூட்டாது. குடித்த பின் இரண்டு மிடறு வெந்நீர் கொடுத்தால் அந்தப் பிசுபிசுப்புப் போய்விடும்.

உளுத்தம்மா இந்த ஊர்ப் பெண்களுக்கு நான் சொல்லித்தர வேண்டிய ஒன்றல்ல. பெரியபிள்ளையான பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் உளுத்தங்களி கிண்டிக் கொடுத்து இடுப்பைப் பலப்படுத்தியவர்கள் நம் பாட்டிமார். ஆனால் களி கனத்த சாப்பாடு, பசியில்லாதவருக்கு ஒரு உருண்டைக்கு மேல் இறங்காது. அதையே குடிக்கும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். வறுத்த உளுத்தம்மா இரண்டு மேசைக்கரண்டி, அரிசிமா ஒரு மேசைக்கரண்டி. இரண்டையும் ஆறிய தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒன்றரைக் கோப்பை தண்ணீரோடு பத்து நிமிடம் கிண்டிக் காய்ச்சுங்கள். பச்சை வாசம் போனதும் பனங்கட்டித் தூளும், கால் கோப்பை தேங்காய் முதற்பாலும், கடைசியாக ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும் விட்டு இறக்குங்கள். முதற்பால் விட்ட பின் கொதிக்க விட்டால் திரைந்துவிடும். இதில் இரண்டு சின்னக் கோப்பை வரும், ஒவ்வொன்றிலும் 170 கலோரி அளவு இருக்கும். நல்லெண்ணெயை விட்டுவிடாதீர்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 40 கலோரி இருக்கிறது, வயிற்றில் இடமே பிடிக்காது. பனங்கட்டி இல்லாவிட்டால் சர்க்கரை போடலாம்.

பயற்றங்கஞ்சிக்கும் இதே மரியாதை உண்டு. தம்பலகாமத்துச் சிவப்புப் பச்சையரிசி இரண்டு பங்கு, வறுத்து உடைத்துக் கோது நீக்கிய பயறு ஒரு பங்கு என்று சேர்த்துக் குழைய வேகவையுங்கள். அரிசியின் புரதத்தில் குறைவாக இருப்பதைப் பயறு நிரப்பும், பயற்றில் குறைவாக இருப்பதை அரிசி நிரப்பும். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிடத் தசைக்கு அதிகம் உதவும். முதற்பால் விட்டு இறக்கி, அம்மாவின் நாக்கு எதைக் கேட்கிறதோ அதன்படி ஒரு நாள் சர்க்கரையோடும் மறுநாள் உப்பும் இஞ்சியும் போட்டும் கொடுங்கள். நோயில் இனிப்பு வெறுத்துப்போகிறவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் இனிப்புப் பானத்தையே மீண்டும் மீண்டும் நீட்டுவது அவர்களை இன்னும் விரட்டுவதாகும்.

இனிப்பு வெறுத்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது நோன்புக் கஞ்சி. கிண்ணியாவிலும் மூதூரிலும் ரமழான் மாதத்தில் பள்ளிவாசல்களில் பெரிய கிடாரத்தில் காய்ச்சுகிறார்களே, அதுதான். நாள் முழுவதும் ஒன்றும் உண்ணாத வயிற்றுக்கு முதலில் போக வேண்டிய உணவு என்று கண்டுபிடித்த சமையல் அது. குழைந்த அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, வெந்தயம், ரம்பை, நன்றாகக் கொத்திய இறைச்சி எல்லாம் அதில் இருக்கிறது. காய்ச்சலில் எழும்பியவருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு கஞ்சியை எந்த ஆலோசகரும் எழுதித்தர முடியாது. 2017ஆம் ஆண்டு டெங்கு கிண்ணியாவை உலுக்கியபோது, நாடு முழுவதும் அந்த வருடம் 186,000 பேருக்கு மேல் நோயாளிகளாகப் பதிவானார்கள். அந்தக் காலத்தில் காய்ச்சல் மாறியும் சாப்பிட முடியாமல் கிடந்த எத்தனையோ பேருக்கு வீட்டிலிருந்து வந்த இந்தக் கஞ்சிதான் முதல் சாப்பாடாக இருந்தது. ரமழான் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீட்டில் அரைச்சுண்டு அரிசியில் காய்ச்சலாம். பச்சைமிளகாயைக் குறைத்து, இறைச்சியை அரைத்தே போடுங்கள், அப்போதுதான் அது கோப்பைக்குள் வரும், சட்டியின் அடியில் தங்காது.

மீனைப் பற்றிச் சொல்லாவிட்டால் திருகோணமலைக்காரியாக நான் எழுதியதற்கே அர்த்தமில்லை. பத்தியக்காரருக்கு விளைமீனோ சின்னப் பாரையோ வாங்கி, மல்லி, மிளகு, நற்சீரகம், உள்ளி, வேர்க்கொம்பு அரைத்த சரக்கில் தண்ணீர்ப் பதமாகக் காய்ச்சுவது நம் வழக்கம். அதில் சாறை மட்டும் ஊற்றிக் கொடுத்துவிட்டு மீனை மற்றவர்கள் சாப்பிடுவதும் வழக்கம். அந்த இரண்டாவது வழக்கத்தை நிறுத்துங்கள். வெந்த மீனின் முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, சதையைச் சாறோடும் இரண்டு கரண்டி குழைந்த சோற்றோடும் அரைத்து, வடிதட்டில் ஒரு தடவை விட்டுக் கொடுங்கள். 50 கிராம் மீனில் பத்துக் கிராம் புரதம் இருக்கிறது. மணம் அதே ரச மணம்தான், அம்மாவுக்கு வித்தியாசமே தெரியாது. நீங்கள் இரவில் கொடுக்கும் ரசத்தின் இடத்தில் இதை வையுங்கள். ரசம் நாக்கைத் திறக்கும் பொருள், அந்த வேலைக்கு அது நல்லதுதான். கால் கோப்பை குடிக்கட்டும், பத்து நிமிடம் கழித்து இது போகட்டும்.

பின்னேரத்துக்குத் தயிர். மூதூர், கிண்ணியா எருமைத் தயிரின் பெருமை உங்களுக்குத் தெரியும். எருமைப்பாலில் கொழுப்பு ஏழு சதவீதம் அளவில் இருக்கிறது, பசும்பாலைப் போல் இரண்டு மடங்கு. தண்ணீர் விட்டு மோராக்கிவிடாமல் அரைக் கோப்பைத் தயிரில் ஒரு கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து, கொஞ்சம் பனங்கட்டியோ கித்துள் பாணியோ விட்டு அடித்துக் கொடுங்கள். வாய்க்கசப்புக்குத் தயிரின் புளிப்பு இதமாக இருக்கும். குளிரூட்டியிலிருந்து எடுத்த உடனே கொடுக்க வேண்டாம், அரைமணி வெளியே வைத்துக் கொடுங்கள். விளாம்பழக் காலமென்றால் பழத்தைக் கரைத்து வடித்துச் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். எதையும் தொடாத ஒரு முதியவர் இரண்டு கோப்பை குடித்து முடித்ததைக் கண்டிருக்கிறேன்.

இவற்றை ஒரு நாளுக்கு அடுக்கிப் பார்த்தால் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும். விடிந்ததும் முட்டைப்பால், ஒன்பது மணிக்குக் கட்டிப்பாலில் போட்ட தேநீர், மத்தியானம் நாலு கரண்டி குழைந்த சோறும் மீனும், மூன்று மணிக்குத் தயிர், ஆறரைக்கு அரைத்த மீன் சாறு அல்லது நோன்புக் கஞ்சி, படுக்கப் போகுமுன் உளுத்தங்கஞ்சி. இத்தனையும் போனால் புரதம் 50 கிராமைத் தாண்டிவிடும், கலோரியும் ஆயிரத்துக்கு மேல் போகும். முதல் நாளிலேயே இதைச் செய்ய முயல வேண்டாம். வாரக்கணக்கில் கொஞ்சமாகச் சாப்பிட்ட உடலுக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பொஸ்பேற்றும் பொட்டாசியமும் சடுதியாக இறங்கி இதயத்தைப் பாதிக்கலாம். ஐந்து நாளுக்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாமல் கிடந்தவர்களுக்கு இந்த ஆபத்து உண்மையானது. அவர்களை வைத்தியரிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். உங்கள் அம்மா ஏதோ கொஞ்சம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றாலும் நிறைய மெலிந்திருக்கிறார். வரும் கிளினிக்கில் இதைச் சொல்லுங்கள். அதுவரை இப்போது கொடுப்பவற்றில் இரண்டு நாளுக்கு ஒரு கோப்பையாக, படிப்படியாக மாற்றிக்கொண்டு வாருங்கள்.

நீங்கள் கொடுத்துக்கொண்டிருப்பவற்றில் இளநீரை முழுக்க நிறுத்த வேண்டியதில்லை. அது தாகத்துக்கானது, உணவுக்கானதல்ல. ஒரு கோப்பையில் 40 கலோரி அளவுதான். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்பு, சீனிக் கரைசலான ஜீவனிக்குப் பதிலாகவும் அதை நம்ப முடியாது, சோடியம் போதாது. அதில் நிறைய இருப்பது பொட்டாசியம். வயலில் வேலை செய்து எலிக்காய்ச்சல் வந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கும், நாட்பட்ட சிறுநீரக நோயாளிக்கும் அது ஆபத்து. சிறுநீரகம் பழுதானவருக்கு நான் மேலே சொன்ன புரத அளவும் பொருந்தாது, கிளினிக்கில் சொல்லும் அளவுதான். குளுக்கோஸ் தண்ணீரை நிறுத்திவிடலாம், அது சீனித் தண்ணீர். சவ்வரிசிக் கஞ்சியும் பார்லித் தண்ணீரும் இதமாக இருக்கும், ஆனால் சவ்வரிசியில் மாச்சத்தைத் தவிர வேறில்லை, பாலில் காய்ச்சினால்தான் கொஞ்சம் பயன். ஒடியற்கூழ் நம் எல்லோருக்கும் ஆசைதான், ஆனால் அந்தக் காரம் இப்போது வேண்டாம். கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவைக் கேட்டு வாங்கிக் கொடுக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. அது கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த சின்னக் குழந்தைகளுக்கும் உரியது, அவர்களிடமே இருக்கட்டும். சோளம், சோயா, பயறு, கச்சான் (நிலக்கடலை) வறுத்துத் திரித்து வீட்டிலேயே சத்துமா செய்துகொள்ளலாம்.

அம்மாவுக்கு நீரிழிவு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இதைக் கவனமாக வாசியுங்கள். பனங்கட்டி சீனியைவிட நல்லது என்ற நம்பிக்கையில் அள்ளிப் போடுகிறார்கள். அதுவும் இரத்தத்தில் சீனியை ஏற்றத்தான் செய்யும். இனிப்பில்லாத முட்டைப்பால், உப்புப் போட்ட பயற்றங்கஞ்சி, தயிர், மீன் சாறு என்று போங்கள். அதைவிட அவசரமானது, சாப்பாடு பாதியாகக் குறைந்த பின்னும் பழைய அளவிலேயே நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ போனால் சீனி திடீரென்று இறங்கி மயங்கி விழுவார். வியர்த்து, கை நடுங்கி, குழம்பிப் பேசினால் அதுதான். வாய் விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சீனி கரைத்துக் கொடுத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அது நடக்கும்வரை காத்திராமல் மருந்தளவை இப்போதே கிளினிக்கில் கேட்டு மாற்றிக்கொள்வதுதான் நல்லது.

மாத்திரைகளோடு பாலைச் சேர்க்க வேண்டாம். டொக்சிசைக்கிளின், சிப்ரோபுளொக்சசின், இரும்புச்சத்து மாத்திரை, தைரொயிட் மாத்திரை ஆகியவற்றைப் பாலிலிருக்கும் கல்சியம் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து உடலில் முழுதாகச் சேராது. இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள், தைரொயிட் மாத்திரைக்கு நாலு. தேநீரும் இரும்பைத் தடுக்கும். முருங்கையிலை, வல்லாரை போட்ட இலைக்கஞ்சியில் தேசிக்காய்ப் புளி விட்டுக் குடித்தால் அதிலுள்ள இரும்பு நன்றாகச் சேரும். பப்பாசி இலைச்சாறு பிழியச் சொல்லி யாராவது வருவார்கள். அந்தக் கசப்பு அன்றைய சாப்பாட்டையே கெடுத்துவிடும், கேட்காதீர்கள்.

உங்கள் அம்மா நியூமோனியாவிலிருந்து வந்தவர் என்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குடிக்கும்போது இருமுகிறாரா? குடித்த பின் குரல் ஈரமாக, களகளவென்று கேட்கிறதா? அப்படியானால் பானம் மூச்சுக்குழாய்க்குள் போகிறது. நியூமோனியா வந்ததற்கே அது காரணமாக இருந்திருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களுக்கும் மறதிநோய் உள்ளவர்களுக்கும் இது அடிக்கடி நடக்கும். அவர்களுக்குத் தண்ணீர் போன்ற பானம்தான் அதிக ஆபத்து, களிப்பதம் அதைவிடப் பாதுகாப்பு. ஆனால் எந்தப் பதம் என்று நீங்களாகத் தீர்மானிக்காமல், விழுங்குவதைப் பரிசோதிக்கும் பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள். இருமல் இல்லாவிட்டாலும் படுக்கையில் சாய்த்து வைத்துக் கொடுக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து குடிக்கட்டும், குடித்து அரைமணி நேரம் அப்படியே இருக்கட்டும். கிணற்றடி வேப்பமர நிழலில் கதிரை போட்டு, நீங்களும் ஒரு கோப்பையோடு பக்கத்தில் இருந்தால் அந்த அரைமணி அவருக்குப் பாரமாக இராது. தனியாக விடப்பட்ட கோப்பை ஆறிப்போய்த் திரும்பி வரும்.

கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில் பாலும் தேங்காய்ப்பாலும் மதியத்துக்குள் கெட்டுவிடும். காலையில் காய்ச்சிய கஞ்சியை மாலைவரை மேசையில் வைக்காதீர்கள். வெளியே ஒரு மணித்தியாலம்தான், அதற்குள் குடிக்காததைக் குளிரூட்டியில் வைத்து, கொடுக்கும்போது கொதிக்கச் சூடாக்கி ஆறவிட்டுக் கொடுங்கள். வேலைக்குப் போகும்போது பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் கொதிநீர் விட்டுப் பிளாஸ்கைச் சூடாக்கி, அதை ஊற்றிவிட்டுக் கொதிக்கும் கஞ்சியை ஊற்றுங்கள். வெதுவெதுப்பான கஞ்சியைப் பிளாஸ்கில் அடைப்பது கிருமிக்குத் தொட்டில் கட்டிக் கொடுப்பது போன்றது.

ஒவ்வொரு ஞாயிறும் ஒரே தராசில், காலையில், ஒரே மாதிரி உடுப்போடு நிறுத்துக் குறித்து வையுங்கள். இரண்டு கிழமையில் நிறை இறங்குவது நின்றால் போதும், ஏறுவதற்கு மாதங்கள் ஆகும். இத்தனையும் கொடுத்தும் நிறை 45க்குக் கீழே போனால், அல்லது மாலையில் காய்ச்சல் காய்ந்து இரவில் வியர்த்தால், இருமல் விடாமல் நின்றால், விழுங்கும்போது வலித்தால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். காசநோய்க்குச் சளியைப் பரிசோதிக்க வேண்டியிருக்கலாம். யாரோடும் பேசாமல், நித்திரையில்லாமல், பேரப்பிள்ளைகளைக்கூடப் பார்க்க விருப்பமில்லாமல் இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வும் பசியைப் பறிக்கும், அதற்கும் மருந்து உண்டு.

அடுத்த முறை எழுதும்போது அம்மா குடிக்கும் மாத்திரைகளின் பெயர்களையும், வாட்டிலிருந்து தந்த குறிப்பில் சிறுநீரகம், சீனி பற்றி இருக்கும் இலக்கங்களையும் எழுதுங்கள். நாளைக் காலையில் தேநீருக்கு முன்னால் முட்டைப்பாலைக் கொடுத்துவிட்டு, எத்தனை மிடறு குடித்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.